அலிப்பூர் மாப்ளைக்கு அட்வான்ஸா ஒரு வார்த்தை

மாப்ள,

நீ அனுப்புன விசிட்டிங் கார்டு வந்து சேந்துச்சு. வழவழன்னு தாளு, தங்க எழுத்து, நடுவுல அம்புட்டுப் பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு பொம்மை மூஞ்சி. 'குடும்பத்தோடு ரசிக்கத் தகுந்த நகைச்சுவைக் கலைஞர்கள் கிடைக்கும்'னு மூணு பாசையில போட்டு, அலிப்பூர், கொல்கத்தான்னு விலாசமும் போட்டுருக்க. பேங்க் உத்தியோகத்தை விட்டுட்டு இந்தச் சோலியில எறங்குறேன்னு கேள்விப்பட்டதும் ஊரே சிரிச்சுச்சு. ஆக, கடை தெறக்குறதுக்கு முன்னாடியே ஒரு நிகழ்ச்சி நடத்தி முடிச்சுட்ட. காசுதான் வரலை.

மாடு மேய்ச்ச மாமனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் பேசி முடிக்கிற பொறுப்பை ஊரு எந்தலையிலதான் கட்டி வச்சுருக்கு. மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் போயி ஏஜெண்ட்டுக முன்னாடி உக்காந்து பேரம் பேசுன வாயி இது. ஸ்பெஷல் நாடகம்னா என்னன்னு ஒனக்கு மறந்துருக்கும். அதுல கம்பெனின்னு ஒண்ணு கெடையாது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, டான்ஸ் வேற ஊரு. ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனியாப் பேசணும். ஒத்திகைன்ற பேச்சே இல்ல. சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்கி, அரிதாரம் பூசி, ராத்திரி பத்து மணிக்கு மேல ஏறுனாகன்னா விடியிற வரைக்கும் வள்ளி திருமணம் ஓடும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச பாட்டு அம்புட்டுப் பேருக்கும் மனப்பாடம். அதனால வண்டி ஓடுது.

இந்த ஆளுக எல்லாரையும் ஒரே ராத்திரியில ஒரே மேடையில கொண்டாந்து நிறுத்துறவன்தான் ஏஜெண்ட். அவனுக்குக் கைதட்டு கெடையாது, மாலை கெடையாது. ஆனா பபூன் வரலைன்னா மொதல்ல அவன் சட்டையைத்தான் பிடிப்பாக. கல்யாணத் தரகரு பொழப்பு மாதிரிதான் மாப்ள. நல்லா வாழ்ந்தா ரெண்டு வீட்டுக்காரவுகளும் தங்க சாமர்த்தியம்பாக, சண்டை வந்தா தரகனைத் தேடுவாக. அந்த நாற்காலிக்குத்தான் நீ ஆசைப்பட்டுருக்க. ஒக்காரு, வேணாங்கலை. ஆனா ஒக்காரும்போது கால் எப்படி ஆடுதுன்னு பாத்துட்டு ஒக்காரு.

அலிப்பூர்ல ஆபீஸ் போட்டது மட்டும் ரொம்பப் பொருத்தம். போன மார்கழியில ஒன் வீட்டுல வந்து தங்குனப்ப நான் வெறுமனே போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கெடந்தேன்னு நெனச்சியா? நீ ஆபீஸ் போனதும் நான் ஊரு சுத்தக் கெளம்பிருவேன். தமாசுத் தொழிலுக்கு வேண்டியது அம்புட்டும் அந்த வட்டாரத்துலயே கெடக்கு. கூட்டம் சேர மிருகக்காட்சி சாலை. ஆட அரங்கு. மழை வருமான்னு கேக்க வானிலை ஆபீஸ். பழைய ஜோக்கைத் தேடி எடுக்கத் தேசிய நூலகம். ஜோக்கு எவனையாச்சும் சுட்டுச்சுன்னா கோர்ட்டு. ஜெயிலும் இருந்துச்சு. அதை மட்டும் 2022லருந்து மியூசியமா ஆக்கிட்டாக. டிக்கெட் வாங்கிட்டுப் போனா நேரு இருந்த அறை, சுபாஷ் போஸ் இருந்த அறைன்னு காட்டுறாக. நீ உள்ள போகணும்னா வேற எடம்தான் பாக்கணும்.

சிரிக்காத. அந்த மிருகக்காட்சி சாலைக் கதையை மொதல்ல கேளு. 1876 சனவரியில அதைத் தெறந்து வச்சது வேல்ஸ் இளவரசரு. விக்டோரியா ராணி மகன், பின்னாடி ஏழாம் எட்வர்டுன்னு ராசாவான ஆளு. அவரு அந்தத் தடவை கல்கத்தா வந்தப்ப பக்கத்துல பவானிப்பூர்ல ஒரு கூத்து நடந்துச்சு. ஜகதானந்த முகர்ஜின்னு ஒரு பெரிய வக்கீலு, இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்குள்ளயே கூட்டிட்டுப் போயிட்டாரு. வீட்டுப் பொம்பளைக சங்கு ஊதி, நம்ம ஊரு மாதிரியே குலவை போட்டு வரவேத்தாக. அந்நிய ஆம்பளை நெழலு படக் கூடாதுன்னு இருந்த காலம். ஊரு கொதிச்சுப் போச்சு.

நாடகக்காரன் சும்மா இருப்பானா? கிரேட் நேஷனல் தியேட்டர்ல பிப்ரவரி மாசமே 'கஜதானந்தனும் யுவராஜனும்'னு ஒரு கேலி நாடகத்தைப் போட்டுட்டாக. ஜகதானந்தன் கஜதானந்தன் ஆயிட்டாரு, அம்புட்டுத்தான் வித்தியாசம். போலீசு தடை போட்டுச்சு. இவுக 'அனுமான் சரித்திரம்'னு பேரை மாத்தி அதையே திரும்பப் போட்டாக. அதுக்கும் தடை. சரி, தடை போட்ட போலீசையே மேடையில ஏத்துவோம்னு அடுத்த நாடகம். அப்ப போலீசு கமிஷனர் பேரு ஹாக், சூப்பிரண்டு பேரு லேம்ப். ஹாக்குன்னா பன்னி, லேம்ப்னா ஆட்டுக்குட்டி. விடுவாகளா? பன்னி போலீசு, ஆட்டுப் போலீசுன்னு நாடகத்துக்குப் பேரே வச்சுட்டாக. நீ காய்கறி, கறின்னு வாங்குறியே நியூ மார்க்கெட், அதுக்கு ஹாக் மார்க்கெட்டுன்னு பேரு வந்தது இந்தக் கமிஷனரு பேருலதான்.

பிப்ரவரி 29ஆம் தேதி வைசிராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் போட்டாரு. அப்புறம் அந்தத் தியேட்டர்காரவுகளைப் பிடிச்சு உள்ள போட்டாக. எதுக்குன்னு நெனைக்கிற? இளவரசரைக் கேலி பண்ணதுக்குன்னு சொன்னா கவர்மெண்டுக்குத்தான கேவலம்? அதனால வேற ஒரு நாடகத்தைக் காட்டி, அதுல ஆபாசம் இருக்குன்னு வழக்கு. உபேந்திரநாத் தாஸ், அமிர்தலால் பாசுன்னு ரெண்டு பேருக்கு ஒரு மாசம் தண்டனை. ஹைகோர்ட்டு அதை ரத்துப் பண்ணி விட்டுருச்சு. ஆனா வருசக் கடைசியில நாடக நிகழ்ச்சிகள் சட்டம்னு ஒண்ணு வந்து நாடு பூராவும் ஒக்காந்துக்கிருச்சு. 2018லதான் அதைச் சட்டப் புத்தகத்துலருந்து எடுத்தாக.

பாத்தியா மாப்ள, 'குடும்பத்தோட பாக்க முடியலை'ங்குற பேச்சு எம்புட்டுப் பழசுன்னு. எவனுக்கோ வேற எடத்துல வலிக்கும். வலிக்கிற எடத்தைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஆபாசம்பான். நம்ம பக்கம் மட்டும் என்ன? எம்.ஆர்.ராதா போட்ட நாடகங்களை அடக்கணும்னு 1954ல மெட்ராஸ்ல தனியா ஒரு நாடகச் சட்டமே கொண்டாந்தாக. பத்திரிகைக்காரரு ஞாநி வழக்குப் போட்டு, 2013ல ஹைகோர்ட்டு அது செல்லாதுன்னு சொன்னுச்சு. ராதா செத்து முப்பத்து மூணு வருசம் கழிச்சு.

இதெல்லாம் பழங்கதைன்னு தள்ளுவ. சரி, ஒங்க ஊரு கோர்ட்டுக்கே வருவோம். 2012 ஏப்ரல்ல யாதவ்பூர் பல்கலைக்கழகத்து வேதியியல் புரொபசர் அம்பிகேஷ் மகாபாத்ரான்னு ஒருத்தரு, முதலமைச்சர் மம்தாவைப் பத்தின ஒரு கேலிப்படத்தை நாலு பேருக்கு அனுப்புனாரு. சத்யஜித் ராய் எடுத்த 'சோனார் கெல்லா' படம் இருக்குல்ல, பிள்ளைக பாக்குற படம், அதை வச்சுப் பண்ண கேலி. அனுப்புனது எங்கருந்து? அவரு குடியிருந்த வீட்டுச் சங்கத்து மெயில்லருந்து. போலீசு வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. போட்ட பிரிவுகள்ல ஒண்ணு தகவல் தொழில்நுட்பச் சட்டத்து 66ஏ. அந்தப் பிரிவே செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2015ல தூக்கிப் போட்டுருச்சு. ஆனா வழக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. 2023 சனவரியிலதான் அலிப்பூர் கோர்ட்டு அவரை விடுவிச்சுச்சு. ஒரு ஜோக்குக்குப் பத்து வருசத்துக்கு மேல வாய்தா. நீ பிடிக்கப் போற மொத வாடிக்கையே அடுக்குமாடி வீட்டுச் சங்கங்கதான்னு கார்டுல போட்டுருக்க. அதான் சொன்னேன், எடம் ரொம்பப் பொருத்தம்னு.

அப்ப அரசியல் வேணாம், ஆபாசம் வேணாம், மிச்சத்தை வச்சுப் பண்ணுவோம்ப. பண்ணு. மிச்சம் என்ன இருக்குன்னு ஒரு தாளுல எழுதிப் பாரு. அலிப்பூர் மாடி வீட்டுல யாரு இருக்கா? மார்வாடி இருக்காக, குஜராத்தி இருக்காக, வங்காளி இருக்காக, பஞ்சாபி இருக்காக, ஒன்னைய மாதிரி லேக் மார்க்கெட்டுல வெத்தலையும் காப்பித்தூளும் வாங்கிட்டு வர்ற தமிழாளும் இருக்காக. மார்வாடி கஞ்சம்னு ஒரு ஜோக்கு சொன்னா, அந்த விழாவுக்குப் பணம் போட்டதே அவராத்தான் இருப்பாரு. மீனைப் பத்திச் சொன்னா பாதிப் பேரு மூக்கைப் பொத்துவாக, மீதிப் பேரு மொறைப்பாக. மாமியா மருமக ஜோக்கு எல்லா ஊருலயும் எடுபடும்பாக. எடுபடும்தான். ஆனா மொத வரிசையில ஒரு மாமியாளும் மருமகளும் காலையில சண்டை போட்டுட்டு வந்து பக்கத்துப் பக்கத்துல உக்காந்துருப்பாக. பேரன் தெரியாம அந்த நேரத்துல கெக்கெக்கேன்னு சிரிப்பான். அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல நடக்குற நாடகத்துக்கு நீதான் ஏஜெண்ட்.

குடும்பம்ங்குறது ஒரு ஆளு இல்ல மாப்ள. தாத்தனுக்குச் சிரிப்பு வர்றது பேத்திக்குப் புரியாது, பேத்திக்குப் புரிஞ்சது தாத்தனுக்குத் தெரியக் கூடாது. இவுக எல்லாரும் ஒரே நேரத்துல, ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால பாக்காம சிரிக்கணும். அது எம்புட்டுக் கஷ்டம்னு நம்ம ஊரு பபூனைக் கேளு. ராத்திரி பதினோரு மணிக்கு டான்ஸ்காரியோட அவன் பேசுறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும். பொம்பளைக தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சேலைத் தலைப்புக்குள்ள சிரிப்பாக. காலையில 'ச்சீ, அந்தக் கருமத்தை எவ பாத்தா'ம்பாக. அடுத்த வருசம் 'அதே பபூனைப் போடச் சொல்லு'ன்னு வீட்டுக்காரருகிட்ட சொல்லி அனுப்புறதும் அவுகதான். இது எனக்கும் தெரியும், பபூனுக்கும் தெரியும், ஏஜெண்ட்டுக்கும் தெரியும். எவனும் வாயைத் தெறக்க மாட்டோம். ஒன் தொழில்ல பாதி இப்படி வாயைத் தெறக்காம இருக்குறதுதான்.

வங்காளத்துலயும் இதே கதைதான். கோபால் பார்னு ஒரு விகடகவி, நம்ம தெனாலிராமனுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. 18ஆம் நூற்றாண்டுல கிருஷ்ணநகர் ராசா கிருஷ்ணசந்திரன் சபையில இருந்ததாச் சொல்றாக. ஒலகத்துலயே பெரிய சுகம் எதுன்னு ராசா கேட்டாராம். காலைக்கடன் முடிஞ்சதும் வருதே, அதான்னாராம் இவரு. ராசா மொகத்தைச் சுளிச்சாரு. கோபால் ஒண்ணும் பேசாம ராசாவை ஒரு நா படகுல ஏத்திக் கூட்டிட்டுப் போயி, கரையில ஒதுக்காம அங்க வேணாம், இங்க வேணாம்னு இழுத்தடிச்சு, கடைசியில எறக்கி விட்டாராம். எறங்கிப் போயிட்டு வந்த ராசா ஒத்துக்கிட்டாராம். இந்தக் கோபால்தான் இப்ப டி.வி.யில பிள்ளைக பாக்குற கார்ட்டூன். பழைய கதைகள்ல பாதியைப் பிள்ளைக முன்னாடி சொல்ல முடியாது, அதையெல்லாம் கழுவித் தொடச்சுத்தான் கொடுக்குறாக. நான் குறை சொல்லலை. கழுவுறதும் ஒரு கைவேலைதான். அழுக்கோட சேந்து சிரிப்பும் போயிராமக் கழுவத் தெரியணும்.

அதைச் சரியாப் பண்ண ஒரு ஆளு ஒங்க ஊருலயே இருந்தாரு, பானு பந்தோபாத்யாய். 1920ல டாக்கா பக்கத்துல பொறந்தவரு, 1983ல போய்ச் சேந்தாரு. நாடு ரெண்டா ஒடைஞ்சு, கெழக்குல இருந்து சனம் மூட்டை முடிச்சோட கல்கத்தாவுல வந்து எறங்குன நேரம். அவுக பேசுற டாக்காப் பேச்சைக் கேட்டு நகரத்துக்காரன் கேலி பண்ணிக்கிட்டுக் கெடந்தான். பானு அதே பேச்சைத் தன் வாயால, தன் பேச்சா, படத்துல பேசுனாரு. கிராமபோன் தட்டுல பேசுனாரு. 'ஷாரே சுவாத்தோர்' படம் 1953ல வந்தப்ப மேற்கத்திக்காரனும் சிரிச்சான், கெழக்கத்திக்காரனும் சிரிச்சான். கெழக்கத்திக்காரன் கொஞ்சம் நெஞ்சை நிமித்திக்கிட்டே சிரிச்சான். அவரும் இன்னொரு தமாசு நடிகரு ஜஹர் ராயும் சேந்தா எப்படி ஓடும்னா, 1971ல ரெண்டு பேரு நெசப் பேரையும் தலைப்புலயே வச்சு ஒரு படம் எடுத்தாக, 'பானு கோயேந்தா ஜஹர் அசிஸ்டெண்ட்'னு. இப்ப யோசி. அந்த டாக்காப் பேச்சை ஒரு கல்கத்தாக்காரன் மேடையில பேசிக் காட்டியிருந்தா நாற்காலி பறந்துருக்கும். ஒரே ஜோக்குதான், சொல்ற வாயி வேற. நீ ஆளைப் பிடிக்கும்போது என்ன ஜோக்கு சொல்லுவன்னு கேக்காத. ஒங்க அப்பா அம்மா எந்த ஊருன்னு கேளு.

நம்ம கிரேஸி மோகன் இன்னொரு வழி. 1979ல கிரேஸி கிரியேஷன்ஸ் ஆரம்பிச்சு, 2019ல மறையிற வரைக்கும் அந்த மனுசன் யாரு மனசையும் நோகடிக்காம வார்த்தையை மட்டும் போட்டு உருட்டுனாரு. எல்லா நாடகத்துலயும் கதாநாயகிக்கு ஜானகின்னே பேரு. ஆனா அது தமிழ் தெரிஞ்சவுகளுக்குத்தான் ஓடும். சென்னையிலருந்து குழுவை ரயில்ல ஒரு பகலு ஒரு ராத்திரி ஒக்கார வச்சு ஹவுராவுல எறக்கி, லேக் மார்க்கெட்டுத் தமிழாளுகளை நெரப்பி ஒரு நாளு நடத்தலாம். மறுநாளும் நடத்துனா அதே ஆளுகதான் வருவாக, அதுவும் பாஸ் கேட்டு.

அரங்கு வேணும்னா தூரம் போக வேணாம். பழைய ஜெயிலுக்குப் பக்கத்துலயே தனதான்ய அரங்கம்னு சங்கு வடிவத்துல கட்டி 2023 ஏப்ரல்ல தெறந்தாக. ராத்திரி வெளக்குப் போட்டா நல்லாத்தான் இருக்கு. டி.எல்.ராய் எழுதுன நாட்டுப் பாட்டுலருந்து எடுத்த பேரு அது. அந்த ராய் யாரு தெரியுமா? இங்கிலாந்துல விவசாயம் படிச்சுட்டு வந்து டெபுடி மாஜிஸ்திரேட்டா உத்தியோகம் பாத்தவரு. 1900ல 'ஹாசிர் கான்'னு சிரிப்புப் பாட்டுப் புத்தகமே போட்டாரு. பொறந்த ஊரும் கோபால் பாரோட கிருஷ்ணநகர்தான். சிரிப்புப் பாட்டு எழுதுனவரு பேரைச் சொல்லிக் கட்டுன மாதிரிதான், ஆனா அதை எவனும் சொல்றதில்ல, நாட்டுப் பாட்டு எழுதுனவருன்னுதான் சொல்றாக. தமாசுக்காரனுக்கு மரியாதை எங்கருந்து வருதுன்னு பாத்துக்க. பெரிய கூடத்துல ரெண்டாயிரம் பேரு ஒக்காரலாம். நீ மொத வருசம் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத. எரநூறு பேரு நாற்காலி போட்டு ஒக்காருற மாடி வீட்டுக் கூடம் போதும். ரெண்டாயிரம் நாற்காலியில எரநூறு பேரு ஒக்காந்தா எந்தக் கொம்பனாலயும் சிரிக்க வைக்க முடியாது.

காசு விசயம் கத்துக்கணும்னா மட்டும் வடக்க போ. சித்பூர் ரோட்டுல, இப்ப ரவீந்திர சரணிங்குறாக, ஜாத்ராக் கம்பெனிக வரிசையா இருக்கு. ஆபீசுக்கு அவுக வச்ச பேரு 'கதி', அதாவது திண்டுமெத்தை. வாசல் பூரா கலர் போஸ்டர். வருசா வருசம் ரதயாத்திரை அன்னைக்குப் பூசை போட்டு, புது நாடகத்தோட பேரைச் சொல்லி, புக்கிங் ஆரம்பிப்பாக. ஜில்லாவுலருந்து கிராமத்து ஆளுக வந்து, என்னையப் போல வெத்தலை போட்ட வாயோட ஒக்காந்து, தேதி பேசி 'பாயனா' கட்டிட்டுப் போவாக. அதான் அட்வான்ஸ். துர்கா பூசையிலருந்து சித்திரை, வைகாசி வரைக்கும் ஆட்டம். மழை விழுந்தா மூட்டை கட்டிருவாக. நான் போயி அங்க ஒரு பெரியவருகிட்ட உக்காந்து டீ குடிச்சேன். பாசை தெரியாது. ஆனா அவரு நோட்டைத் தெறந்ததும் எல்லாம் புரிஞ்சு போச்சு. தேதிக்கு ஒரு கோடு, கோட்டுல ஊரு பேரு, பக்கத்துல வாங்குன தொகை. தொகை எழுதாத கோட்டுல ஊரு பேரே இல்ல. நம்ம மதுரை ஏஜெண்ட்டு வச்சுருக்குற காலண்டரும் அச்சா அதான். வாய்ப்பேச்சுக்கு அவன் பென்சில் கூட எடுக்க மாட்டான்.

நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியும். 'பரவாயில்ல தாதா, நிகழ்ச்சி முடிஞ்சு பாத்துக்கலாம்'ப. பண்ணு மாப்ள. முடிஞ்சதும் பொருளாளரு பிரியாணி பொட்டலத்துக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு, செயலாளரு 'ஆளு நல்லாத்தான் பண்ணாரு, ஆனா கடைசி ஜோக்கு கொஞ்சம்...'னு இழுப்பாரு. அந்தக் கொஞ்சத்துக்குப் பாதித் தொகையைக் கழிப்பாக. பாதியை முன்னாடி வாங்கு. மீதியை மேடையேறுறதுக்கு முன்னாடி வாங்கு. சிரிச்ச பெறகு எவனுக்கும் கடன் ஞாபகம் இருக்காது.

கமிஷனையும் ஒளிச்சு வைக்காத. கமிட்டிகிட்ட இம்புட்டு வாங்குறேன், கலைஞருக்கு இம்புட்டு, எனக்கு இம்புட்டுன்னு ரசீதுல தனித்தனியாப் போடு. ரெண்டு பக்கமும் வேற வேற தொகை சொல்ற ஏஜெண்ட்டு, கமிட்டிக்காரனும் கலைஞனும் ஒண்ணா டீ குடிக்கிற வரைக்கும்தான் பொழைப்பான். நம்ம நாட்டுல எல்லாரும் டீ குடிப்பாக. வருசத்துக்கு வரவு 20 லட்சத்தைத் தாண்டுச்சுன்னா ஜி.எஸ்.டி. பதிவு வேணும். அந்தக் கவலை ஒனக்கு இப்போதைக்கு இல்ல, நிம்மதியாத் தூங்கு.

திறந்த வெளின்னா ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்தணும், அது நாடு முழுக்க உள்ள விதி. ஒங்க மாநிலத்துல பத்தாம் வகுப்பு, பன்னெண்டாம் வகுப்புப் பரிச்சை நேரத்துல வெளியில மைக்கே கட்ட விட மாட்டாக. மாசி, பங்குனியில புக்கிங் வாங்குறதுக்கு முன்னாடி பரிச்சை அட்டவணையைப் பாரு. சித்திரையில சாயங்காலம் கால்பைசாகின்னு ஒரு காத்து கெளம்புமே, பந்தலை அப்படியே தூக்கிட்டுப் போயிரும். வானிலை ஆபீஸ் பக்கத்துலதான இருக்குன்னு மெத்தனமா இருக்காத, அது இருக்குற அலிப்பூர்லயேதான் சொல்லாம மழை பேயுது. ரவீந்திரநாத் தாகூர் பொறந்த நாளு வாரத்துல தமாசு கிமாசுன்னு வாயைத் தெறக்காத, அந்த வாரம் பூரா பாட்டுத்தான். ஆனா துர்கா பூசை முடிஞ்சு விஜயா சம்மிலனின்னு ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொரு குடியிருப்பும் கூடுது பாரு, அதைப் பிடி. பூசைக் களைப்பு, வயிறு பூரா இனிப்பு, யாருக்கும் யாரு மேலயும் கோவம் இல்லாத ஒரு வாரம் அது.

இனிமேதான் நெசமாச் சொல்லணும்னு நெனச்சது. நான் ஒன் வீட்டுல இருந்தப்ப பக்கத்துக் குடியிருப்புல பிள்ளை பொறந்தநாளுக்கு ஒரு மேஜிக்காரரு வந்தாரு. வயசு அறுபது இருக்கும். பளபளன்னு ஒரு நீலக் கோட்டு, காலர் ஓரம் நைஞ்சு நூலு தொங்குது. கையில ஒரு தகரப் பெட்டி, அதுக்கு மேல ஒரு கூடையில புறா. வாசல்காரன் அவரைப் பாத்து, நல்ல லிப்ட் அங்கிட்டு, நீ இங்கிட்டுப் போன்னு குப்பைக் கூடையும் சிலிண்டரும் போற சர்வீஸ் லிப்டைக் காட்டுனான். அவரு கோவிக்கலை. புறாக் கூடையைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உள்ள போனாரு. மேல போயி ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளை உருட்டி உருட்டிச் சிரிக்க வச்சாரு. சாப்பாடு? சமையக்கட்டுப் பக்கத்துல ஒரு ஸ்டூலு. நம்ம ஊரு கதையும் ஒசத்தி இல்ல. ராத்திரி பூரா முருகன் வேசம் கட்டுனவரை விழுந்து கும்பிடுவாக. விடிஞ்சதும் அவரு குடிக்கத் தண்ணி கேட்டா எந்த டம்ளர்ல கொடுக்கன்னு யோசிச்ச வீடுக எனக்குத் தெரியும்.

'குடும்பத்தோடு ரசிக்கத் தகுந்த'ன்னு கார்டுல போட்டுருக்கியே, அந்தக் கலைஞன் குடும்பத்தைப் பத்தி ஒரு வரி போட்டியா? ஒப்பந்தத்துல எழுது. எந்த வாசல் வழியா வருவாரு, எந்த லிப்ட், எங்க ஒக்காந்து உடுப்பு மாத்துவாரு, எங்க சாப்பிடுவாரு, ராத்திரி வீட்டுக்குப் போக வண்டி யாரு போடுவா. பிறந்தநாள் வீட்டுக்காரி மொகம் சுருங்கும். சுருங்கட்டும். அந்தப் புக்கிங் போனா போகுது. நீ விக்கிறது சிரிப்பு இல்ல மாப்ள, பொறுப்பு. கமிட்டிக்காரனுக்கு யாரும் நொந்து போக மாட்டாகன்னு ஒரு பொறுப்பு. கலைஞனுக்கு ஒன்னைய அவமானப்படுத்த விட மாட்டேன்னு ஒரு பொறுப்பு. மொதப் பொறுப்பை எடுத்துக்கிட்டு ரெண்டாவதை விட்டவன் ரெண்டு வருசத்துல நல்ல ஆளுக ஒருத்தரும் இல்லாம, டி.வி.யில ரெண்டு வாரம் வந்துட்டுப் போன பயலுகளை வச்சு மாச்சான்னு சொல்ற பரண் மேடையில ஓட்டிக்கிட்டுக் கெடப்பான்.

ஒவ்வொரு புக்கிங்குக்கும் நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் நேர்ல போயி ஒரு டீ குடி. யாரு பணம் போடுறா, யாரு வீட்டுல துக்கம், யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்ல, எந்தப் பிள்ளை பரிச்சையில போயிருச்சுன்னு கேட்டுக்க. அதைக் கலைஞருகிட்ட காதோட சொல்லு. அவரு மிச்சத்தைப் பாத்துக்குவாரு, அவருக்கு ஒன்னைய விடத் தெரியும்.

ஆளு பிடிக்கணும்னா ஹர்போலாக்காரவுகளைத் தேடு. காக்கா, குயிலு, நாயி, கழுதை, ரயிலுன்னு எல்லாச் சத்தத்தையும் வாயாலயே போடுற வங்காளத்து ஆளுக. பாசை வேணாம், மார்வாடிக்கும் புரியும், தமிழாளுக்கும் புரியும், தாத்தனும் பேத்தியும் ஒண்ணாச் சிரிப்பாக. கழுதை மாதிரி கத்தும்போது மட்டும் கமிட்டித் தலைவரு பக்கம் திரும்பாம நிக்கச் சொல்லு. அவுகளைக் கேக்க இப்ப ஆளு கொறைஞ்சு போச்சு. நீ நாலு பேருக்குத் தேதி பிடிச்சுக் குடுத்தாலே பெரிய விசயம்.

நம்ம ஊருக்கும் ஒரு ஆளு வேணும். வைகாசித் திருவிழாவுல வள்ளி திருமணத்துக்கு முன்னாடி அரை மணி நேரம். ரெண்டு பக்க ரயில் டிக்கெட்டும் கமிட்டி போடும். தங்குறது பள்ளிக்கூடத்து அறையில, சாப்பாடு எங்க வீட்டுக் கூடத்துல எல்லாரோடயும் சேந்து. அட்வான்ஸ் 1,001 ரூபா இன்னைக்கு மணியார்டர்ல அனுப்பியிருக்கேன். ரசீது அனுப்பு, அதுல ஒன் கமிஷன் எம்புட்டுன்னு தனியாப் போடு.